படகுக்குத் தண்ணி காட்டாத வருஷம்

மாவு மில்காரருக்கு ஊரில் வாளி என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். "வாளி அண்ணே, கொஞ்சம் நைசா அரைங்க" என்றால்தான் புருவத்து மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்வார்.

பேர் வந்த கதை பெரிய கதை இல்லை. ஆறு நிறைந்து ஓடுகிற மாதத்தில் படகுப் பந்தயம் நடக்கும். ஊருக்கு ஒரு நீளப் படகு. இரண்டு பக்கமும் துடுப்புக்காரர்கள், பின்னால் சுக்கான் பிடிக்கிற ஆள், நடுவில் வாளியோடு ஒருத்தர். மரப்படகு என்றால் ஒழுகத்தான் செய்யும். துடுப்பு அடிக்கிற அடியில் மேலேயிருந்தும் தண்ணீர் வரும். அதை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த வேலை இவருடையது. ஆள் குள்ளம், அகலம். மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கை. வாளியை எடுத்தால் மில் பெல்ட் மாதிரி ஓய்வில்லாமல் ஓடும்.

இறைக்கிறவர் குனிந்த தலை நிமிரக்கூடாது. படகுக்குள் இருந்துகொண்டே பந்தயம் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். ஜெயித்தால் துடுப்புக்காரர்களைத் தோளில் தூக்கிப் போவார்கள். வாளியை யார் தூக்குவார்கள்? அவர் பின்னாலேயே நடந்து வருவார், ஈரத் துணியோடு.

ஒவ்வொரு வருஷமும் சுக்கான்காரரிடம் போய் நிற்பார். சுக்கான்காரர் டிராக்டர் மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசுவார்.

"அண்ணே, இந்த வாட்டி எனக்கு ஒரு துடுப்பு குடுங்க."

"உனக்குத் துடுப்பு குடுத்தா இறைக்கிறது யாரு, உங்க அப்பாவா? போய் மாவு அரைய்யா. அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுத்துட்டுப் போ."

எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

இது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் நடந்ததுதான் பொறுக்க முடியாதது. அவர் மனைவி எதிர்க்கரை ஓடக்காரர் மகள். அந்த ஊர்ப் படகில் முன்வரிசைத் துடுப்பு அவள் தம்பிக்கு. லாரி ஓட்டுகிறவன், ஹாரன் மாதிரியே தொண்டை. பந்தயத்துக்கு முதல் நாள் அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். மறுநாள் அந்தக் கரையில் நின்று தம்பி பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவாள்.

"ஊரே சிரிக்குது. கட்டினவன் இங்கே, கத்துறது அங்கேயா?" என்று ஒருமுறை கேட்டார்.

"என் தம்பி நிமிர்ந்து உக்காந்து துடுப்புப் போடுறான். அவனைப் பார்த்துக் கத்தலாம். உங்களை எங்கே பார்க்கிறது? முதுகு மட்டும் தெரியுது. முதுகைப் பார்த்து என்னன்னு கத்துறது?"

மில் சத்தத்தில் கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டார். மில் அன்றைக்கு ஓடவே இல்லை, கரண்ட் கிடையாது.

இந்த வருஷம் பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது துடுப்புக்காரர்களில் ஒருத்தரான கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். வாளி பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். "சீக்கிரம் குணமாகணும்" என்று வாய் சொன்னது. "அவசரமில்லை" என்று மனசு சொன்னது. தோளில் போட்டிருந்த மாவுக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா உடைஞ்சிருக்குய்யா, பயப்படாதே. சுக்கான்கிட்ட நானே சொல்லிட்டேன். என் துடுப்பு உனக்குத்தான்."

அங்கிருந்து வீடு வரைக்கும் அவர் நடந்து வந்தாரா, பறந்து வந்தாரா என்று அவருக்கே தெரியாது. வழியில் டீக்கடை, சலூன், பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று. மில்லில் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து காற்றிலேயே துடுப்புப் போட்டுப் பழகினார். மிளகாய் அரைக்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே கைதட்டினார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கேலி இல்லை.

"நிஜமாவே துடுப்பா?"

"நிஜமாவேதான்."

"அப்ப நான் இந்த வருஷம் இந்தக் கரையில நிக்கிறேன். ஆனா ஒண்ணு. என் தம்பி முன்னாடி என் மானத்தை வாங்கிடாதீங்க."

வாளி வேலை மெலிந்த தையல்காரர் ஒருத்தருக்குப் போயிற்று.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பந்தயப் படகு வருஷம் முழுக்கக் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும். காய்ந்த மரம் சுருங்கும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு விழும். அதனால் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே அதைக் கரையோரம் இறக்கி, உள்ளே கல் அடுக்கி, தண்ணீருக்குள் மூழ்கவிட வேண்டும். மரம் குடிக்கிற அளவு குடித்து உப்பி, இடுக்கை அதுவே மூடிக்கொள்ளும். மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி இதற்கும் "தண்ணி காட்டுறது" என்றே பேர். யார் இறைக்கிறாரோ அவர்தான் தண்ணி காட்ட வேண்டும் என்பது பழக்கம். ஒழுகினால் அவர் முதுகுதானே ஒடியும்!

இந்த வருஷம் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சிவப்பு உடம்பு, மஞ்சள் கோடு, மூக்கில் முழித்துப் பார்க்கிற இரண்டு கண். பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். தொட்டால் சுக்கான்காரர் கையைத் தட்டிவிடுவார். துடுப்புப் பழக்கமெல்லாம் பழைய மீன்படகில்தான். படகுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று தையல்காரருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வாளிக்குத் தெரியும். ஆனால் அவர் இப்போது துடுப்புக்காரர் அல்லவா? அந்தப் பக்கமே அவர் நினைப்புப் போகவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, துடுப்பைக் கண்டதும் படகை மறந்துவிட்டார் மனுஷன்.

பந்தய நாள் வந்தது. பாலத்தில் மனிதத் தலைதான் தெரிந்தது, பாலம் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ்காரர் ஒருபக்கம் இறக்கிவிட, மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டிய வழுக்குக் கம்பத்தில் எண்ணெய் பூசியிருந்தது. நுனியில் கொடி. எடுக்கப் போன ஒவ்வொருத்தரும் தொப்தொப்பென்று ஆற்றில் விழுந்துகொண்டிருந்தார்கள். காகிதப்பூ சுற்றிய படகில் பெண்கள் பாடிக்கொண்டே போனார்கள். நாலு திசையிலும் கொட்டு. ஒலிபெருக்கியில் போட்டோ ஸ்டூடியோக்காரர், மைக் கிடைத்தால் சோறு வேண்டாம் என்கிற ஆள்.

"இதோ வருகிறது, வருகிறது, செக்கச் சிவந்த படகு! கல்யாணப் பொண்ணு மாதிரி வருகிறது!"

வாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது. இந்தக் கரையில், முன்வரிசையில், மனைவி. அவர் பார்த்ததைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எதிரே நடுவில் வாளியோடு தையல்காரர், பின்பக்கம் பார்த்தபடி, அதாவது இவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காலையில் நாலு படகு. முதல் இரண்டு மட்டும் சாயங்காலம் மோதும். வெடி வெடித்தது.

ஆஹா! துடுப்பு தண்ணீரைக் கவ்வி இழுத்தபோது படகு எகிறிப் பாய்ந்ததே, அதை அவர் இத்தனை வருஷம் வயிற்றில்தான் உணர்ந்திருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. தூரத்தில் முடிவுக் கோட்டுக் கொடிகள் தெரிந்தன. கரை பின்னால் ஓடியது. "ஹோய்! ஹோய்!" என்று சுக்கான்காரர் தாளம் கொடுக்க, எல்லாத் துடுப்பும் ஒரே துடுப்பு. படகு மற்ற மூன்றையும் விட்டு முன்னால் போய்விட்டது.

கணுக்கால் நனைந்தது. தெறிப்பு என்று நினைத்தார். அடுத்த பத்து இழுப்பில் கெண்டைக்கால் நனைந்தது.

"அண்ணே, ஊத்து மாதிரி வருது!" தையல்காரர் அலறினார்.

"இறைய்யா!" என்று கத்தினார் வாளி.

"இறைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்! கொட்டக் கொட்டத் திரும்பி வருது!"

காற்று வருகிற பக்கம் பார்த்துக் கொட்டினால் வராமல் என்ன செய்யும்? பாதி தண்ணீர் அவர் மூஞ்சியிலேயே அடித்தது. படகு கனத்தது. எதிர்க்கரைப் படகு விருட்டென்று தாண்டிப் போனது. போகிற போக்கில் மச்சினன் தொண்டை: "மாமா, வரட்டுமா?"

வாளி பல்லைக் கடித்துத் துடுப்பை இழுத்தார். விடமாட்டேன், இதை விடமாட்டேன். முழங்கால் வரை தண்ணீர். அப்போது கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது. கொட்டுச் சத்தம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மனைவி கரையோரம் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க! படகு இறங்குது! துடுப்பைப் போட்டுட்டு வாளியை எடுங்க! முழுகப் போறீங்க!"

ஓடக்காரர் மகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல்தான் இருந்தது. வாளி ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் துடுப்பைத் தையல்காரர் மடியில் எறிந்தார். வாளியைப் பிடுங்கினார். பிறகு அவர் பார்த்ததெல்லாம் பழையபடி தண்ணீர்தான். அள்ளு, கொட்டு, அள்ளு, கொட்டு. படகு பெருமூச்சு விட்டு மேலே வந்தது. மூன்றாவது படகு மூக்கை உரசும்போது எப்படியோ கோட்டைத் தாண்டியது.

"இரண்டாவதாக வருவது..." ஒலிபெருக்கி தயங்கியது. "படகுதான் போலிருக்கிறது, அன்பர்களே!"

கரையில் மச்சினன் காத்திருந்தான்.

"மாமா, மீன் பிடிக்கப் போறவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க ஆத்தையே பிடிச்சுப் படகுல போட்டுக்கிட்டு வந்துட்டீங்களே! அக்கா, பாவம், முதுகைப் பார்க்கிறதுக்கா இந்தக் கரைக்கு வந்தே?"

அவள் தம்பியை முறைத்தாள். புருஷனையும் பார்க்கவில்லை.

சுக்கான்காரர் படகைக் கவிழ்த்துப் போட்டார். பளபளக்கிற சிவப்புக்கு நடுவே இடுக்கு இடுக்காக வெளிச்சம் தெரிந்தது. சுண்டுவிரல் போகும்.

"தண்ணி காட்டினது யாருய்யா?"

தையல்காரர் விழித்தார். "யாருக்குண்ணே தண்ணி?"

எல்லோரும் தையல்காரர் பக்கம் திரும்பினார்கள். வாளி தொண்டையைச் செருமினார்.

"அவரை ஏன் பார்க்கிறீங்க? நான் சொல்லியிருக்கணும். துடுப்பு மயக்கத்துல விட்டுட்டேன். என்னைத் திட்டுங்க, திட்டிக்கிட்டே கல்லு பொறுக்குங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. முழுகடிச்சிடலாம்."

"பெயின்ட் போயிடுமேய்யா!"

"பெயின்ட்டா அண்ணே துடுப்புப் போடுது?"

சுக்கான்காரர் பளபளக்கிற சிவப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார், பிறகு முதல் கல்லைத் தானே தூக்கிப் போட்டார். பந்தயத்துக்கு நடுவே ஒரு படகைக் கரையோரம் அதன் ஆட்களே மூழ்கடிப்பதை அந்த ஆறு இதற்கு முன் பார்த்ததில்லை. பாலத்துக் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. "அன்பர்களே, சிவப்புப் படகு குளிக்கப் போயிருக்கிறது. பவுடர் போட்டுக்கொண்டு வருமா தெரியவில்லை!" சிரிப்பு அலை மாதிரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. மத்தியானம் முழுக்க ஊர் வாத்துப் பிடிக்கிற போட்டி பார்த்தது, கயிறு இழுத்தது, ஆடியது. வாளி கழுத்தளவு தண்ணீரில் நின்று, மில் சாக்கைப் பிரித்துத் திரித்த நூலை இடுக்கு இடுக்காக அடைத்துக்கொண்டிருந்தார். மனைவி சாப்பாடு கொண்டுவந்து கரையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

வெயில் சாய்ந்ததும் கல்லை எடுத்துப் படகை மிதக்கவிட்டார்கள். முன்னைக்குப் பரவாயில்லை. ஆனாலும் நடுப்பலகையில் இன்னும் கசிந்தது.

"என்ன சொல்றே? தாங்குமா?" என்று கேட்டார் சுக்கான்காரர்.

"ஒரு வாரம் குடிக்கிறதை அரை நாள்ல குடிக்கச் சொன்னா எப்படிண்ணே? பாதி தாகம்தான் தீர்ந்திருக்கு. நல்லா இறைச்சாத் தாங்கும்." வாளி கையில் ஒட்டியிருந்த சாக்கு நூலை உதறினார். "துடுப்பைத் தையல்காரர்கிட்டயே குடுத்துடுங்க. நான் இறைக்கிறேன். அதான் வழி."

இதைச் சொல்லும்போது மனைவி நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை. பிறகு திரும்பியபோது அவள் அங்கே இல்லை. சாப்பாட்டுப் பாத்திரமும் இல்லை. ஓடத்துறைப் பக்கம் கண் போயிற்று. போயிருப்பாள், அக்கரைக்கு. போகட்டும். யாரைக் குறை சொல்ல?

படகுகள் கோட்டுக்குப் போகிற நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கூந்தல் இறுக்கி முடிந்திருந்தது. புடவை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தது. கையில் மில்லில் தானியம் அள்ளுகிற பெரிய தகரக் கரண்டி.

"தள்ளுங்க தையல்காரரே. நீங்க நல்லாயிருப்பீங்க, கரையில நில்லுங்க."

"என்ன பண்றே நீ?" என்றார் வாளி.

"வாளி நிரம்புறதுக்கு நேரமாகும். இது அள்ளினா அள்ளினபடி போகும். நான் இறைக்கிறேன். நீங்க போய்த் துடுப்பைப் பிடிங்க."

பக்கத்துப் படகிலிருந்து தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா! பொம்பளைங்க ஏறக்கூடாது!"

"எவன்டா சொன்னது? அப்பா ஓடத்துல நான் தண்ணி இறைக்கும்போது நீ என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுக்குப் போனவன். உக்காருடா!"

ஆற்றின் இரண்டு கரையும் சிரித்தது. ஒலிபெருக்கி கமிட்டியைக் கேட்டது. கமிட்டி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. ஆண்கள்தான் ஏற வேண்டும் என்று யாரும் எப்போதும் சொல்லி வைக்கவில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றாததால்.

"ஏறும்மா தங்கச்சி," என்றார் சுக்கான்காரர். எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் தையல்காரர்.

வெடி.

அந்தப் பந்தயத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். இரண்டு படகும் ஒட்டிப் பிறந்த மாதிரி போயின. அவள் நடுவில் மண்டியிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி, கரண்டியால் அள்ளி வீசினாள். வீசிய தண்ணீர் பாதி தம்பி படகுக்குள் விழுந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. கை ஒருபக்கம் ஓட, வாய் இன்னொரு பக்கம் ஓடியது, எதிரே உட்கார்ந்து துடுப்பு இழுக்கிற புருஷன் மூஞ்சிக்கு நேராக.

"இழுங்க! என்ன தடவிக் குடுக்கிறீங்க? ஆறு என்ன பூனையா? இழுங்க!"

"இழுத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன்!"

"மூட்டையை எப்படித் தூக்குவீங்க, அப்படி! ரெண்டு ஆள் மூட்டை! அது, அது! விடாதீங்க!"

அவருக்கு மூச்சு மாவு மில் மாதிரி இரைந்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது மேலே இருந்த கூட்டத்தின் கத்தல் இடியாக இறங்கியது. இருட்டு, எதிரொலி, பிறகு பளீரென்று வெளிச்சம். கொடிகள் எதிரே! மச்சினன் படகு ஒரு முழம் முன்னால். "ஹோய்! ஹோய்! ஹோய்!" சுக்கான்காரர் தாளத்தை முடுக்கினார். அரை முழம். சமம். படகு மூக்கில் முழித்துக்கொண்டிருந்த இரண்டு கண்ணும் முதலில் கோட்டைப் பார்த்தன.

"ஒரு சாண்! ஒரே ஒரு சாண்! செக்கச் சிவந்த படகு!" அதோடு போட்டோ ஸ்டூடியோக்காரருக்குக் குரல் போயிற்று. மைக் கூய்யென்று கத்தியது.

கரை சேர்வதற்குள் ஜனங்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். தம்பி படகைப் பக்கத்தில் கொண்டுவந்து அணைத்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, பொறந்த வீட்டுக்கே எதிரா நின்னுட்டியே."

"உனக்கு எதிரா எங்கேடா நின்னேன்? தண்ணிக்கு எதிராதான் நின்னேன்."

அவன் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். "அப்ப எங்க வீட்டுப் பொண்ணு இறைச்சுத்தான் ஜெயிச்சீங்க மாமா. பாதி ஜெயிச்சது நாங்க!" என்று அக்காவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். அவள் தகரக் கரண்டியால் அவன் தலையில் ஒன்று போட்டாள். ஆட்டம் நிற்கவில்லை. இந்தக் கரைக்காரர்கள் வாளியைத் தூக்கினார்கள். அகலமான ஆள், நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

"துடுப்பைக் கீழே போடுய்யா, கண்ணைக் குத்துது" என்றார் சுக்கான்காரர்.

"முடியலைண்ணே. விரல் பிடிச்சுக்கிச்சு. பிரிய மாட்டேங்குது."

நிஜம்தான். பத்து விரலும் கட்டையோடு கட்டையாக இறுகியிருந்தன. சுக்கான்காரர் பிரித்துப் பார்த்தார், டிராக்டர் போல்ட் கூட அப்படி இறுகாது. விட்டுவிட்டார். ஊர்வலம், கொட்டு, ஆட்டம் எல்லாம் துடுப்போடுதான். கை கொடுக்க வந்தவர்கள் துடுப்பைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் முன்னால் உள்ளே போய்விட்டாள். அவர் நிலைப்படியில் நின்றார். துடுப்பு நீளம், வாசல் குறுகல். நேராக நுழைத்தார், இடித்தது. சாய்த்தார், இடித்தது.

"அதை வெளியிலேயே சாத்தி வச்சிட்டு வாங்களேன்" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"விரல்தான் விடமாட்டேங்குது."

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"விரலா விடமாட்டேங்குது?"

அவர் துடுப்பை இன்னொரு பக்கம் திருப்பி, மறுபடியும் நுழைத்துப் பார்த்தார்.